மார்த்தாண்டம்: மழைக்காலத்தில் நடக்கும் தேன் கொள்ளை

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலையைத் தாண்டினால் மார்த்தாண்டம். தேனுக்குப் பெயர் போன ஊர். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கிருந்து அருமனை, குலசேகரம் பக்கம் திரும்பினால் வழியெல்லாம் ரப்பர் தோட்டங்கள். மரங்களுக்கு நடுவே, கால் வைத்த தாங்கிகளில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கியின் கீழே தண்ணீர்க் கிண்ணம். உள்ளே இருப்பவை இந்தியத் தேனீக்கள்.

இந்தப் பெட்டிக்கு ‘நியூட்டன் பெட்டி’ என்று பெயர். 1910-களில் பாதிரியார் நியூட்டன் நம் ஊர்த் தேனீயின் உடலுக்கும் கூட்டத்தின் அளவுக்கும் ஏற்றபடி வடிவமைத்தது. மார்த்தாண்டம் திருவிதாங்கூரில் இருந்த 1920-களில், ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை இங்கே நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், விவசாயிகளுக்குத் துணைத் தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அப்படித்தான் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது.

பூவில் இருந்து வராத தேன்

இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அது பூவில் இருந்து வருவதில்லை! ரப்பர் மரம் ஆண்டு முடிவில் இலை உதிர்த்து, ஜனவரியையொட்டித் துளிர்விடும். ஒரு காம்பில் மூன்று இலைகள் சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில், தளிர்ப் பருவத்தில் இனிப்பு நீர் ஊறும். தேனீக்கள் அதைத்தான் சேகரிக்கின்றன. மார்ச் வரை பெட்டிகள் நிரம்பி வழியும்.

இலை முற்றியதும் ஊற்று நின்றுவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்தால் வடகிழக்கு மழை. குமரி மாவட்டத்துக்கு இரண்டுமே உண்டு. மழை பெய்தால் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் மதுரம் கிடைக்காது. தேனீக்களுக்குப் பஞ்ச காலம் இதுதான். பக்கத்துப் பெட்டியில் கை வைக்கும் காலமும் இதுதான்.

திருடனை அடையாளம் காண்பது எப்படி?

பலமான கூட்டத்தில் வேலையில்லாத தேனீக்கள் ஏராளம். பலவீனமான பெட்டியின் தேன் வாசனை எட்டினால் போதும், அங்கே போய் மோப்பம் பிடிக்கத் தொடங்கும். வாசலில் காவல் குறைவு என்று தெரிந்துவிட்டால், சில நிமிடங்களில் கூட்டமாகத் திரும்பி வரும்.

பிற்பகலில் இளம் தேனீக்கள் வாசல் முன்னால் பறந்து இடம் பழகுவது வழக்கம். அவை பெட்டியைப் பார்த்தபடி அமைதியாகப் பறக்கும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். திருட்டுத் தேனீ அப்படியல்ல. வாசலை விட்டுவிட்டு மூடி இடுக்கு, மூலை, விரிசல் என்று நுழைய வழி தேடும். வாசலில் கட்டிப் புரண்டு சண்டை நடக்கும். கீழே செத்த தேனீக்கள் கிடக்கும். தேன் அறைகளைக் கடித்துத் திறந்ததில் மெழுகுத் துகள் உதிர்ந்திருக்கும். விட்டுவைத்தால் அடை காலி. இந்தியத் தேனீ இப்படிப்பட்ட தொல்லையைப் பொறுக்காது. மிஞ்சியதுகளும் ராணியோடு பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும்.

சிரட்டையில் சர்க்கரைப் பாகு

பஞ்ச காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, ஆறவைத்து, பெட்டிக்குள் சிரட்டையில் வைப்பார்கள். தேனீ மூழ்காமல் இருக்க அதில் சிறு குச்சிகளைப் போடுவார்கள். பசிக்குக் கொடுக்கிற இந்தப் பாகுதான் கவனம் தவறினால் கொள்ளைக்கும் அழைப்பு. அதனால் சில கட்டுப்பாடுகள் உண்டு.

பொழுது சாய்ந்து, தேனீக்கள் அடங்கிய பிறகுதான் பாகு வைக்க வேண்டும். தோட்டத்தில் இருக்கும் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தேன் ஒட்டிய அடையை வெளியே போட்டு வைக்கக் கூடாது. பகலில் பெட்டியைத் திறந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. விரிசல்களை அடைத்து, வாசலை ஓரிரு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டால், நாலைந்து காவல் தேனீக்களே தாக்குப்பிடிக்கும். மிகவும் நலிந்த கூட்டத்தை இன்னொன்றோடு சேர்த்துவிடுவதே நல்லது.

கொள்ளை தொடங்கிவிட்டால்? முதலில் வாசலைச் சுருக்கி, அதன் முன்னால் ஈரப் புல்லைப் பரப்ப வேண்டும். சொந்தக்காரத் தேனீ வழி கண்டுபிடித்து உள்ளே போய்விடும். திருட வந்தது தடுமாறும். புகை போடக் கூடாது. காவல் தேனீக்கள் எழுப்பும் எச்சரிக்கை வாசனையை அது மறைத்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால், இருட்டியதும் வாசலை மூடி, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய்விட வேண்டும்.

திருடிய தேனோடு வரும் நோய்

தேன் போவதோடு நஷ்டம் நிற்பதில்லை. நோயுள்ள பெட்டியில் திருடும் தேனீ, நோயையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவரும். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய ‘தாய் சாக்புரூட்’ வைரஸ், புழுக்களைப் பைபோல வீங்கவைத்துக் கொன்றது. குமரி மாவட்டத்திலும் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. தப்பிய கூட்டங்களை வைத்துத்தான் தொழில் மீண்டும் எழுந்தது. அடுத்த பெட்டியில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது ஏன் அவசியம் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ரப்பர் துளிர்க்கும்போது பெட்டி நிறையத் தேனீ இருந்தால்தான் அந்தச் சில வாரங்களில் தேன் சேரும். மழையில் மெலிந்துபோன கூட்டம், ஆள் சேர்த்துத் தேறி வருவதற்குள் இலை முற்றிவிடும். மார்ச்சில் மார்த்தாண்டம் கடைகளுக்கு வரும் தேனுக்கான வேலை, முந்தைய ஜூன் மாத மழையிலேயே தொடங்கிவிடுகிறது.