தறியை மறைக்காதீங்க

ஆரணி பக்கத்துச் சேவூரில் விற்பனைக்கு வரும் நெசவாளர் வீடுகளைப் படம் எடுக்கப் போனால், "தம்பி, தறி தெரியாம எடுங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பத்தின் வீட்டில் கூடத்தின் நீளமே தறியை வைத்துத்தான். சேலையில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்கார வேண்டும், அதற்கேற்ற உயரம் வேண்டும். குழித்தறி என்றால் நெசவாளர் கால் இறக்கி மிதிக்கும் பள்ளம் தரையிலேயே இருக்கும். அதன்மேல் பலகை போட்டு, பாய் விரித்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். வாங்க வருபவர் பாயைத் தூக்கிப் பார்க்கமாட்டாரா? அந்த ஒரு நிமிடத்தில் வீட்டுக்காரர் மீதிருந்த நம்பிக்கை மொத்தமும் போய்விடும்.

அகல லென்ஸும் அப்படித்தான். முழு பிரேம் கேமராவில் 24 மி.மீ. எனக்குப் போதும். 16-க்கு இறங்கினால் பத்தடி அறை கல்யாண மண்டபம் போல விரியும். ஸ்டாண்டை நெஞ்சளவில் நேராக நிறுத்தினால் சுவர் சாயாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, டியூப்லைட்டை அணைத்தால் சுவரின் நிறம் உள்ளபடி வரும். ஜன்னல் வெளுத்து மூலை இருண்டால், கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மாற்றி மூன்று படம் எடுத்து இணைத்துக்கொள்ளலாம்.

விற்பவர்களே, தறியையும் குழியையும் காட்டுங்கள். நெய்யத் தெரிந்த குடும்பம் அதற்காகவே வரலாம். வாங்குபவர்களே, படத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள்.