இனாம் தாள்

திருப்பூர்க்காரர்களிடம் ஒரு பொருளை இனாமாகக் கொடுத்துப் பாருங்கள். முதலில் தையலை இழுத்துப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாளும் அப்படித்தான். வீட்டிலேயே பவர் டேபிள் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறாள். மகளுக்குப் பாடமும் வீட்டில்தான்.

"ஏனுங்ண்ணா, கணக்குத் தாள் நெட்டுல சும்மாவும் கெடைக்குதுங்க, காசுக்கும் விக்கறாங்க. எதைங்க எடுக்கறது?" என்றாள்.

விலைத் தாளைப் பார்த்தேன். கழித்தல் கணக்கில் பனிமனிதன்! ஆனால் வரிசை ஒழுங்கு, விடையும் உண்டு. இனாம் தாளோ குவியல். அதில் தேடும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் ஓடியிருக்கும்! அந்தக் கூலியை யார் தருவது? ஜெராக்ஸ் கடைக்காரரும் தர்மத்துக்கு அச்சடிப்பதில்லை.

வரிசைக்குத் தமிழக அரசின் பாடநூல் இருக்கிறது, இணையத்தில் இலவசம். அதன் பாடப்படியே போகட்டும். வாசிப்புக்குப் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் உண்டு. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டால் கதையை மாற்றியே அச்சிடலாம். விலைத் தாளில் பெரும்பாலும் அந்த உரிமை கிடையாது. பனிமனிதனை எடுத்துவிட்டுப் பனியன் டஜனைப் போட முடியாது. பெருக்கலுக்கு மட்டும் பாடநூலின் பயிற்சி போதாமல் போகும். அதற்கு ஒரு புத்தகம் விலைக்கு வாங்கலாம், கறுப்பு வெள்ளையில்.