நாக்கின் அடியில்

நண்பர்கள் மூன்று பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டதால் பொதுவில் பதில் எழுதிவிடுவது சௌகரியம் என்று தோன்றுகிறது. நான் இப்போது சாப்பிடுகிற மாத்திரையும் அபின் வகைதானே, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டதைத் தவிர இதில் என்ன நடந்துவிட்டது என்பது கேள்வி. மூவரும் எழுதுகிறவர்கள். ஒருவர் கோல்ரிட்ஜை இழுத்தார். இன்னொருவர், அந்த நாலு வருஷத்தில் கவிதை ஏதும் வரவில்லையா என்று கொஞ்சம் ஆசையோடுகூடக் கேட்டார்.

வரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பதாவது வயதில் இடுப்புக்குச் சற்று மேலே வட்டு பிதுங்கி, அறுவை நடந்து, அதற்குப் பிறகும் இடது காலில் நரம்பு வலி நின்றுவிட்டது. எழுதிக் கொடுத்த மருந்து டிரமடால். ஐம்பது மில்லிகிராம் மாத்திரை, கடைசியில் நாளைக்கு எட்டு. நானூறு மில்லிகிராம் என்பது அந்த மருந்துக்குச் சொல்லப்பட்டிருக்கிற மேல் எல்லை. சீட்டில் எழுதியிருந்ததற்கு மேல் ஒன்றுகூட நான் விழுங்கியதில்லை. அது எனக்குக் காட்டிய மாயலோகம், கவுண்டர் நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார முடிகிற லோகம், அவ்வளவுதான். 2018ல் டிரமடால் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. மருந்துக் கடைக்காரர் அதற்கப்புறம் சீட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். ஒருமுறை சரக்கு இல்லாமல் ஒன்றரை நாள் போனபோதுதான் உடம்பு யார் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இதற்குத் தமிழில் உள்ள வார்த்தை அடிமை. போதைக்கு அடிமை, மதுவுக்கு அடிமை. பத்திரிகையில், பிரசுரத்தில், மையத்தின் பெயர்ப்பலகையில், எங்கும் அதுதான். அடியில் கிடப்பவன். பக்தியில் இது உயர்ந்த ஸ்திதி, மருத்துவத்தில் இழிந்த ஸ்திதி. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகி, அது நின்றால் எதிர்ப்புக் காட்டுவது ஒரு விஷயம். கேடு தெரிந்தும் மனம் அதையே தேடி அலைவது வேறு விஷயம். முன்னது நீண்ட நாள் அபின் வகை மருந்து சாப்பிடும் யாருக்கும், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரும். இரண்டுக்கும் நாம் ஒரே வார்த்தையைப் போட்டு மூடிவிடுகிறோம். 'சார்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. அது இலக்கணத்தில் எழுத்துகளுக்கு உதவுகிறது, மனிதர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வலிக்கு மட்டும் நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926ல் நோயைப் பற்றிய கட்டுரையில் குறைப்பட்டுக்கொண்டார். 1975ல் மான்ட்ரியாலில் ரொனால்ட் மெல்ஸாக் நோயாளிகள் வலிக்குச் சொல்லும் வார்த்தைகளை வகைப்படுத்தி ஒரு வினாத்தாளே தயாரிக்க வேண்டியிருந்தது. நமக்கு வயிற்றில் கடுப்பு, காதில் குடைச்சல், காலில் உளைச்சல், மண்டையில் இடி, புண்ணில் எரிச்சல். விரலில் அடிபட்டால் விண்விண்ணென்று தெறிக்கிறது. என் பாட்டி இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் சொல்லிக் கேட்டதே இல்லை. வள்ளுவர் காலத்தில் வலி என்பதே பலம். வலியறிதல் என்று ஓர் அதிகாரம், நாற்பத்தெட்டாவது. அதை எதிர்பார்த்துப் போகிற நோயாளி ஏமாந்துபோவான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்கிறார்கள். குமாஸ்தாவுக்கு எண் சொல்வது கஷ்டமில்லை. ஏழு என்றேன். எரிச்சலா, மின்சாரம் பாய்வது போலவா என்று அந்த அம்மாள் அடுத்துக் கேட்டபோதுதான் அவரிடம் நம்பிக்கை பிறந்தது.

இப்போது மாத்திரை. பெயர் புப்ரெனார்ஃபின். அபினில் இருக்கிற தீபெய்ன் என்ற பொருளிலிருந்து செய்கிறார்கள். ஆகவே என் நண்பர்களின் ரசாயனம் சரிதான். மூளையில் மார்ஃபின் போய் உட்காருகிற அதே இடத்தில்தான் இதுவும் போய் உட்காருகிறது. ஆனால் அங்கே கதவை முழுக்கத் திறப்பதில்லை, பாதியோடு நிறுத்திக்கொள்கிறது. மூச்சை அமுக்குகிற விளைவு ஒரு அளவோடு நின்றுவிடுவதால் அதிக அளவில் சாகிற அபாயம், தனியாகச் சாப்பிடும்போது, மற்ற அபின் மருந்துகளைவிடக் குறைவு. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் அந்தக் காப்பு போய்விடும். இன்னொன்று, உட்கார்ந்த இடத்தை லேசில் விடாது; ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பித் தள்ளிவிடும். அதனால்தான் பழைய மருந்து உடம்பில் இருக்கும்போது இதைக் கொடுத்தால் ஒரேயடியாக முறிவு வந்து ஆளைப் புரட்டிப் போடும். முறிவு தானாகத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி டிரமடால். மறுநாள் இரண்டாவது சனி, பாங்க் கிடையாது. காத்திருந்தேன். மத்தியானத்துக்குமேல் கொட்டாவி. ஒரு நிமிஷத்துக்குள் நாலு. மூக்கு ஒழுகியது, காரணமில்லாமல் கண்ணில் நீர் கொட்டியது, கால்கள் படுக்கையில் தாமாக நடந்தன. மின்விசிறிக் காற்று பட்டதும் கையில் மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. முறிவை அளப்பதற்குப் பதினோரு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வியர்வை, நடுக்கம், கண்ணீர், மயிர்க்கூச்சு எல்லாம் அதில் உண்டு. நம் அலங்கார சாஸ்திரக்காரர்கள் சாத்விக பாவம் என்று எட்டு எண்ணி வைத்ததில் பாதி அதில் அப்படியே இருக்கிறது. ஆழ்வார்களுக்கு நேர்ந்ததாக நாம் படித்த உருக்கம் எல்லாவற்றையும் ஒரு நர்ஸ் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கூட்டிப் பதின்மூன்று என்று எழுதினாள். மெய்ப்பாடு என்ற சொல்லில் மெய் என்றால் உடம்புதான் என்பதில் இனி எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு மில்லிகிராம் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் கால்கள் நடப்பதை நிறுத்தின. ஆனந்தம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் நாளெல்லாம் ஓடிய மாவு அரைக்கும் இயந்திரம் நின்ற மாதிரி இருந்தது.

இந்த மாத்திரையை விழுங்கக் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி ஈரலில் வீணாகிவிடும். நாக்கின் அடியில் வைத்துக் கரையும் வரை, ஐந்திலிருந்து பத்து நிமிஷம், பேசாமல் இருக்க வேண்டும். கசப்பு, அதோடு யாரோ அதை மறைக்கப் போட்ட ஆரஞ்சு வாசனை. முறிவு வராமல் தடுக்க ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஆனால் வலியை அது ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான் அடக்கும். ஆகவே என்னைப் போன்றவர்கள் அதே அளவை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்காக நாக்கோ நடத்துகிற மையங்களில் தினம் நேரில் வரச் சொல்லி, எதிரிலேயே நாக்கடியில் வைத்து அனுப்புகிறார்கள். எச்.ஐ.வி. பரவாமல் இருக்க அது அவசியமான ஏற்பாடு. மூன்று வேளை வலிக்காரனுக்கு அது உதவாது. சாதாரண மருந்துக் கடையிலும் இது கிடைக்காது. அனுமதி பெற்ற இடம் எது, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா என்று தேடியதிலேயே இரண்டு மாதம் போயிற்று. அபினைச் சட்டபூர்வமாகப் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்த இந்த தேசத்தில், 1985 சட்டத்துக்குப் பிறகு புற்றுநோய்க்காரனுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகி, 2014ல் சட்டத்தைத் திருத்த வேண்டிவந்த கதை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இரண்டாவது வேளை மத்தியானம் இரண்டு மணிக்கு. அப்போது நான் கவுண்டரில். உதவித்தொகை வாங்க வரும் ஒரு கிழவி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் தலையை மட்டும் ஆட்டுவதைப் பார்த்து, "வாயில என்ன தம்பி, வெத்தலையா? போய் துப்பிட்டு வா சாமி, நான் நிக்கிறேன்" என்றாள். அட்டெண்டர் அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்தப் பத்து நிமிஷம் டோக்கனை அவர் பக்கத்துக் கவுண்டருக்குத் திருப்பிவிடுகிறார். விமர்சனம் எழுதுகிறவனுக்கு நாளில் மூன்று தடவை வாயடைப்பு நல்ல ஏற்பாடு என்று நம் வட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி.

கோல்ரிட்ஜுக்கு வருகிறேன். 1816ல் அவர் ஹைகேட்டில் ஜேம்ஸ் கில்மன் என்ற டாக்டர் வீட்டுக்குப் போனார். 1834ல் சாகும் வரை, பதினெட்டு வருஷம், அங்கேயே இருந்தார். அபின் தைலத்தை டாக்டர் அளந்து கொடுத்தார். வெளியே ஒரு மருந்துக் கடையில் ரகசியமாகவும் வாங்கியிருக்கிறார். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு இதை ஒரு கவிஞனின் அஸ்தமனமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 'குப்ளா கானு'க்கு மூன்று வகுப்பு, ஹைகேட்டுக்கு மூன்று வரி. நான் இப்போது அந்தப் பதினெட்டு வருஷத்தைத்தான் படிக்க விரும்புகிறேன். கனவு கலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். தினம் காலையில் எழுந்து இத்தனை துளி என்று எண்ணி வாங்கிக்கொண்டு, வந்தவர்களோடு பேசி, 1825ல் ஒரு தத்துவப் புத்தகமும் வெளியிட்ட மனிதனைப் பற்றி நம்மிடம் ரசனையே இல்லை. டி குவின்ஸி 1821ல் எழுதியதற்கு ஒப்புதல் வாக்குமூலம் என்று பெயர் வைத்தார். முகத்து நரம்பு வலிக்காக 1804ல் ஆரம்பித்தவர் அவர். வலிக்கு மருந்து சாப்பிட்டவன் எதை ஒப்புக்கொள்ள வேண்டும்? அந்தத் தலைப்பு இருநூறு வருஷமாக நம்மையும் பாவமன்னிப்புக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. வில்லியம் பரோஸ் 1980 வாக்கில் தொடங்கி 1997ல் சாகும் வரை மெதடோன் சாப்பிட்டார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே 1981க்கும் 1987க்கும் நடுவில் மூன்று நாவல்கள் வெளியிட்டார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹெராயினோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

1965ல் நியூயார்க்கில் டோலும் நைஸ்வாண்டரும் இருபத்திரண்டு பேருக்கு மெதடோன் கொடுத்துக் கண்ட முடிவை வெளியிட்டபோதும் என் நண்பர்கள் கேட்டதைத்தான் கேட்டார்கள்: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றா? அவர்கள் நீரிழிவுக்காரனையும் இன்சுலினையும் காட்டினார்கள். எனக்கு அந்த உவமை முழுக்கத் திருப்தியில்லை. இன்சுலின் போடுகிறவனிடம் யாரும் எப்போது நிறுத்தப்போகிறாய் என்று கேட்பதில்லை, என் மைத்துனர் ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்கிறார். டாக்டர் அம்மாள் தேதி எதுவும் குறிக்கவில்லை. அவசரமாக நிறுத்தியவர்கள் பழைய இடத்துக்கே திரும்புவது அதிகம் என்கிறார். அவர் கேட்கிற கேள்வி, சாயங்காலம் வரை உட்கார முடிகிறதா என்பது. இப்போது நாளைக்கு ஆறு மில்லிகிராம். வலி நாலு, மழை நாளில் ஐந்து. போன மார்ச் முடிவுக் கணக்கின்போது ராத்திரி ஒன்பது வரை இருந்தோம். கால் எரிந்தது. மூன்றாவது வேளையை மேஜையிலேயே போட்டுக்கொண்டு, பேசாமல், மீதி வவுச்சர்களைச் சரிபார்த்தேன்.