அப்பா இழுத்த தேர்



சென்ற வாரம் அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதி. படையல் முடிந்து இலை போடும் வேளையில் உறவினர் ஒருவர், "உங்கள் அப்பா என்ஜினியராயிற்றே, என்னென்ன கட்டினார்?" என்று கேட்டார். அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது அவர் கட்டியது என்று சுட்டிக் காட்ட எங்களிடம் பாலமும் இல்லை, கோபுரமும் இல்லை. மின்கம்பிகளும் துணை மின்நிலையங்களும் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டதே 30 ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்த வேலை. ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணிலும் படாத வேலை அது. (ஆசிரியர் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். அது வேறு கதை.)

அப்பா 1947இல் பேராக்கில் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் மரம் சீவியவர்கள். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, பின்னர் பொறியியல் கற்று, தேசிய மின்சார வாரியத்தில் சேர்ந்தார். 1990இல் வாரியம் தெனாகா நேஷனல் ஆன பிறகும் அங்கேயே இருந்து 2002இல் ஓய்வு பெற்றார். தெமெங்கோர் அணை கட்டப்பட்ட 1970களில் அவருக்குக் கிரிக் பக்கம் வேலை. கம்யூனிஸ்டுகளின் நடமாட்டம் இருந்த காடு அது. அண்ணன் பிறந்து மூன்று வாரம் கழித்தே அப்பா வந்து பார்த்தாராம். அம்மா இதை ஆயுள் முழுதும் சொல்லிக் காட்டினார். அப்பா ஒருமுறையும் மறுத்துப் பேசியதில்லை.

எனக்கு நன்றாக நினைவில் நிற்பது 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3, சனிக்கிழமை. அன்று தங்கையின் பிறந்தநாள். மாலை ஐந்து மணிக்கு மேல் மின்சாரம் நின்றது. எங்கள் தெருவில் மட்டுமன்று, தீபகற்ப மலேசியா முழுதும் இருண்டது. தொலைபேசி மணி அடித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேக்குக்கு வாங்கிய மெழுகுவர்த்திகளை அம்மா சமையலறைக்கு எடுத்துப் போய்விட, தங்கை அழுதாள். அப்பா மறுநாள் மதியம்தான் திரும்பினார். குளித்துவிட்டுத் தங்கையை மடியில் அமர்த்திக்கொண்டு காய்ந்துபோன கேக்கை வெட்ட வைத்தார்.

நாடு முழுதும் எப்படி ஒரே சமயத்தில் இருளும் என்று நான் கேட்டேன். திரங்கானுவில் ஒரு மின்பாதை துண்டித்ததிலிருந்து தொடங்கியது என்றார். எனக்கு விளங்கவில்லை.

"பாப்பா, தைப்பூசத்தில் தேர் இழுக்கிறார்கள் அல்லவா? மின்நிலையங்கள் எல்லாம் ஒரே வடத்தைப் பிடித்து ஒரே வேகத்தில் இழுப்பவர்கள். வேகம் வினாடிக்கு 50 சுற்று. திடீரென்று நான்கு பேர் கையை விட்டால் என்ன ஆகும்? சுமை மற்றவர் தோளில் விழும், தேர் மெதுவாகும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இயந்திரம் பழுதாகிவிடும். அதனால் மற்றவரும் ஒவ்வொருவராய்க் கையை விடுவார்கள். கடைசியில் வடத்தைப் பிடிக்க ஆளே இராது."

மறுபடியும் தேரை நகர்த்துவது எப்படி என்றேன். பெரிய அனல்மின் நிலையம் எழுந்து நிற்கவே அதன் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையத்திற்குச் சிறிய டீசல் எந்திரம் ஒன்றே போதும், மதகைத் திறந்தால் தண்ணீர் சுழற்றிவிடும். அது எழுந்து மற்றவரைக் கைதூக்கி எழுப்பும் என்றார். பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் அணுகுமுறை என்று பல படித்தேன். இதைவிடச் சிறந்த பாடத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நான் ஆசிரியரானதும் எங்களுக்குள் பெரிய மனத்தாங்கல் வந்தது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் முதலாம் ஆண்டில் தொடங்கியது. நான் எதிர்த்தேன், அப்பா ஆதரித்தார். ஓரிரவு உணவு மேசையில், "எனக்குத் தேரை ஆங்கிலத்திலா இழுத்துக் காட்டினீர்கள்? படித்தவுடன் தமிழ் கசந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். பல நாள் பேச்சில்லை.

பின்னர் ஒருநாள் அவரே வந்து வாசலில் அமர்ந்தார். புகுமுக வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த தம் பதின்மூன்றாம் வயதைப் பற்றிச் சொன்னார். "கணக்கு எனக்குத் தெரியும் பாப்பா. என்ன கேட்கிறார்கள் என்பதுதான் தெரியாது. தெரியாதவன் என்றே என்னை வைத்துவிட்டார்கள். உன் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று பார்க்கிறேன்."

ஏழு வயதுக் குழந்தைக்கு அத்திட்டம் பொருந்தாது என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆயினும் அவர் பேசியது தமிழை இகழ்ந்து அன்று, பட்ட காயத்திலிருந்து என்பதை அதுவரை நான் அறியவில்லை. "தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம் வருமா டீச்சர்?" என்று கேட்கும் பெற்றோரிடம் முன்பெல்லாம் சுள்ளென்று பேசுவேன். இப்போது அமரச் சொல்லி, அவர்கள் எங்கே படித்தார்கள் என்று முதலில் கேட்கிறேன். அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும் பழக்கம் இல்லை.

அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009இல் அறிவிப்பு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஐந்தாம் ஆண்டு அறிவியல் நூல் ஒன்று கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அதை நான் மறந்தே போனேன். திதிக்கு முதல் நாள் அவர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டது. உள்ளட்டையில் பென்சிலால் ஒரு சொற்பட்டியல்: மின்னோட்டம், மின்தடை, மின்சுற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல். அத்தனை ஆண்டுகள் மின்சாரத்தோடு வாழ்ந்தவர் 70 வயதை நெருங்கும்போது தமிழ்ச் சொற்களை எழுதிப் பழகியிருக்கிறார், பதின்மூன்று வயதில் ஆங்கிலச் சொற்களை எழுதிப் பழகியதைப் போல. மின்சுற்றுப் பாடத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு குறிப்பும் இருந்தது: "ஒரு விளக்கைக் கழற்றினால் மற்றது எரியுமா? முதலில் பிள்ளைகளைக் கேள். நீ சொல்லாதே."

திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் எரியும் என்றார்கள், பாதிப் பேர் எரியாது என்றார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். பிறகு கழற்றிப் பார்த்தோம்.