எழுதப்படாத ஒரு சொல்

எங்கள் பெரியப்பா மகன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய அதிகாரி. இருநூறு பேருக்கு மேல் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். எங்கள் தெருவில் அவர்தான் முதல் இன்ஜினியர். பெரியம்மா இன்னும் ஊரிலேயே இருந்துகொண்டு களையெடுக்கப் போகிறார். பொங்கலுக்கு அண்ணன் வந்தால் நான் சும்மா விடமாட்டேன். "என்னண்ணே, முதலாளி ஆளாயிட்டே" என்பேன். சிரிப்பார். போன பொங்கலுக்குச் சிரிக்கவில்லை.

"கம்பெனியில ஒரு மாற்றம் கொண்டுவர்றாங்க பாப்பா. ஆளுங்கள அதுக்குள்ள அழைச்சிட்டுப் போற பொறுப்பு எங்கிட்ட" என்றார்.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அது விளங்க ஒரு ராத்திரி ஆனது. வருசா வருசம் ஒரு குழுவில் உள்ளவர்களை வரிசையாக நிறுத்தித் தரம் பிரிப்பார்களாம். பத்துப் பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் ஒருத்தர் கடைசிக்குப் போயே ஆகவேண்டும். மைக்ரோசாஃப்ட்டிலும் இப்படித்தான் இருந்தது. போட்டிக் கம்பெனியை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரைக் கவிழ்ப்பதே வேலையாகிப் போனது என்று அங்கே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2013 நவம்பரில் அதை ஒழித்தார்கள். 2014 பிப்ரவரியில் தலைமைக்கு வந்த சத்ய நாதெல்லா, எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள வேண்டாம், கற்றுக்கொள்கிறவராக இருங்கள் என்று சொல்லி ஆட்களைத் திருப்பினார். அதே வருசம் ஜூலையில் 18,000 பேர் வரை வேலைநீக்கம் என்று அறிவித்ததும் அவர்தான். மாற்றம் என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

அண்ணன் சொல்லச் சொல்ல எனக்கு அம்பேத்கர் ஞாபகம் வந்தது. படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அவர் சொன்னது இதைத்தானே? ஒவ்வொருத்தர் காலுக்குக் கீழேயும் இன்னொருத்தரை வைத்துவிட்டால் மேலே உட்கார்ந்திருப்பவனை யாரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். கம்பெனி போட்ட வரிசையைக் கம்பெனியே ஒரு உத்தரவில் எடுத்துவிடலாம். ஊர் போட்ட வரிசையை?

"மீட்டிங் மீட்டிங்கா போடறேன்" என்றார் அண்ணன். "பயப்படாம மனசுல உள்ளதப் பேசுங்கன்னு சொல்றேன். எவனும் வாயத் திறக்க மாட்டேங்கறான். மொதல்ல நான் செஞ்ச தப்ப நான் சொன்னாத்தான் அவங்க பேசறாங்க. அன்னிக்கி ஒருத்தர், 'சார் நீங்க எந்த ஊரு'ன்னாரு. ஜில்லா பேரச் சொல்லி நிறுத்திக்கிட்டேன். அடுத்து எந்தத் தெருன்னு கேட்டுருவாரோன்னு இருபது வருசமா இருக்கற பயம்."

இதோடு நடத்தை விதிகளையும் புதிதாக எழுதினார்களாம். மதம், பால், இனம் என்று எதைக் காட்டி ஒருத்தரை ஒதுக்கக்கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. சாதி இல்லை. அதைச் சேருங்கள் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். "இங்க யாரு சார் அதெல்லாம் பாக்கறாங்க? பூர்வீகம்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுலயே அடங்கிடும்" என்று பதில் வந்திருக்கிறது.

அடங்கிடும்! நம்மிடம் காலங்காலமாகச் சொன்னதும் இதைத்தானே? அமெரிக்காவிலும் இதே பேச்சுதான். 2020 ஜூனில் ஒரு தலித் பொறியாளர் கொடுத்த புகாரின் பேரில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசுத் துறை வழக்குப் போட்டது. மேலதிகாரிகள் இருவரும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2023 ஏப்ரலில் அவர்கள் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அதே வருசம் பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். இருக்கிற சட்டத்திலேயே அது தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். ஆப்பிள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 2020இலேயே ஊழியர் விதிகளில் சாதி என்ற சொல்லை எழுதிவிட்டது. ஒரு சொல்லை எழுதினால் சாதி ஓடிவிடாது. ஆனால் பாதிக்கப்பட்டவர் புகார் எழுதும்போது, நடந்ததற்குப் பெயர் வேண்டாமா?

"நீயே சொல்லலேன்னா வேற யாருண்ணே சொல்லுவா?" என்று பாய்ந்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மேடையில சொல்றே. கை தட்றாங்க. நான் சொன்னா மறுநாள்லேர்ந்து நான் செய்யற ஒவ்வொரு தப்புக்கும் கோட்டாதான் காரணம்னு பேசுவான். அத நீ தாங்குவியா?"

என்னிடம் பதில் இல்லை. எனக்குச் சாதியைச் சொல்வதே வேலை. அவருக்குச் சொன்னால் வேலை போகலாம். இந்த வித்தியாசத்தை யோசிக்காமலே எத்தனை பேரைக் கோழை என்று எழுதியிருக்கிறேன்!

மாசியில் போன் செய்தார். மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இந்தத் தடவை ஏன் கேட்கிறேன் என்பதற்குத் தன் தெருப் பெயரையும் சேர்த்து. "கை நடுங்கிருச்சு பாப்பா" என்றார். பதில் இன்னும் வரவில்லை.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தெருப் பேர எழுதறதுக்கா அவன் அம்புட்டுப் படிப்புப் படிச்சான்?"

அதுக்குத்தான் பெரியம்மா.