விட்டுடு தம்பி!

எங்கள் வீடு பல்லாவரத்தில். வடக்கே மீனம்பாக்கம் ஏர்போர்ட். தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். இடையில் அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. இப்படிச் சுற்றிலும் விமான சகவாசம் உள்ள இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் படித்தது பி.காம்! விமானத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அது மொட்டைமாடிக்கு மேலே போகும்போது செல்போனில் 'ஹலோ... ஹலோ...' என்று நான் கத்துவதுதான்.

முப்பத்தாறு வயதில் அந்தச் சம்பந்தம் முற்றிப்போகக் காரணம் என் பையன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தநாளுக்கு ரிமோட் ஏரோப்ளேன் கேட்டான். பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். "சார், இது ஓடும், பறக்காது. பறக்கணும்னா வேற கடை" என்றார்.

அந்த 'வேற கடை'யில் கால் வைத்தவன்தான். இன்னும் முழுசாக வெளியே வந்தபாடில்லை.

உள்ளே இரண்டாம் உலகப்போர் ஃபைட்டர் ஒன்று கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இது எவ்வளவு?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் ஒரு குரல்.

"அதை வாங்கறதும் பணத்தை இங்கேயே கொளுத்திட்டுப் போறதும் ஒண்ணுதான் தம்பி."

திரும்பினேன். வெள்ளைத் தலை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு சின்ன புரொப்பெல்லர். ரயில்வேயில் ரிடையர் ஆனவராம். முப்பது வருஷமாக இந்தப் பைத்தியம். அன்று முதல் எனக்குக் குருநாதர்.

"கத்துக்கறவனுக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்கணும். ரெண்டு நுனியும் லேசா மேல் பக்கம் தூக்கியிருக்கணும். அப்பதான் சாய்ஞ்சாலும் தானா நிமிரும். ஃபைட்டர் அப்படியில்லை. சாய்ஞ்சா சாய்ஞ்சதுதான்."

அவர் சொன்னபடியே வாங்கினேன். தெர்மோகோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு ஃபோம் உடம்பு, பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், தீப்பெட்டி அளவுகூட இல்லாத 9 கிராம் சர்வோ மோட்டார்கள் நாலு, 2200 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர் பாட்டரி, சார்ஜர், ரிமோட். பில் 16,000 ரூபாய் சொச்சம். என் சன்மானக் கணக்கில் இது எத்தனை கட்டுரை என்று வகுத்துப் பார்த்துவிட்டு, உடனே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்காரி பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "பறக்கறதுக்கு 16,000. பறக்காம இருக்கறதுக்கு எவ்வளவு கேட்டாங்க?"

பதில் சொல்லாமல் பாட்டரியை சார்ஜ் போடப் போனேன். போடுவதும் சுலபமில்லை. பாட்டரிக்குள் மூன்று செல். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா வைக்கும் நாளில் 3.8-க்கு இறக்கி வைக்க வேண்டும். என் பையன் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட இவ்வளவு பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை. (இதைச் சொன்னது யார் என்று ஊகித்திருப்பீர்கள்!)

ரேடியோவால் ஒன்றை ஓட்டுவது புதுச் சமாசாரம் இல்லை. 1898-லேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு குட்டிப் படகை இப்படி ஓட்டிக் காட்டினார். குருநாதரின் இளமைக் காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டை ஆன் செய்துவிட்டால் மேலே இருப்பது அம்போ! இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ். ரிமோட்டும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரும் முதலிலேயே ஜாதகம் பார்த்து ஜோடி சேர்ந்துகொள்கின்றன. அடுத்தவர் ரிமோட் பேச்சை நம் விமானம் கேட்காது.

அடுத்தது எடை பார்ப்பது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால்வாசிக்குச் சற்றுப் பின்னால், அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் அன்றைக்கே சமாதி. பாட்டரியை முன்னே பின்னே நகர்த்தி, அரைமணியில் நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே டாலி ஆன ட்ரையல் பேலன்ஸ் அது ஒன்றுதான்!

பிறகு இரண்டு வாரம் கம்ப்யூட்டரில் ஸிமுலேட்டர். அங்கேதான் வில்லனைச் சந்தித்தேன். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது என்றால் இடது, வலது என்றால் வலது. அதுவே திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ். அதன் இடது நமக்கு வலது. முதல் நாள் மட்டும் 41 தடவை விழுந்தேன். நல்லவேளை, கம்ப்யூட்டரில் விழுந்தால் பில் வராது.

குருநாதர் ஒரு வழி சொன்னார். "எதிரே வரும்போது இடது வலதெல்லாம் யோசிக்காதே. எந்தப் பக்கத்து இறக்கை தாழுதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. தாழ்ந்தவனுக்குத் தோள் கொடுக்கற மாதிரி."

பல்லாவரத்தில் பறக்கவிடலாமா என்றால், மூச்! 2021 டிரோன் விதிகளின்படி அரசாங்கத்தின் வரைபடத்தில் நாட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். விமான நிலையத்தைச் சுற்றி அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது. பச்சையில் 400 அடி வரை போகலாம். விதிகள் அவ்வப்போது மாறும், கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். நாங்கள் பார்த்துவிட்டு, மதுராந்தகம் தாண்டி ஒரு ஏரிக்குப் போனோம். வைகாசி மாசம். சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை கிரிக்கெட் பிட்ச் மாதிரி கிடந்தது.

முதல் நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே பாடம். குருநாதர் காற்றுக்கு எதிராக மேலே ஏற்றி, 'ரெண்டு தப்பு உயரம்' வந்ததும் ரிமோட்டை என்னிடம் கொடுப்பார். முதல் தப்பு செய்து, அதைத் திருத்துகிறேன் என்று இரண்டாவது தப்பும் செய்து, அப்புறமும் தரை வராத உயரம்! நான் குச்சியை வலது இடது என்று மாவு அரைப்பேன். விமானம் குடிகாரன் மாதிரி தள்ளாடும்.

"விட்டுடு தம்பி! கையை எடு! அது பறக்கும்!"

விட்டால் நிஜமாகவே நிமிர்ந்து நேராகப் போகும். கெடுப்பது நான்தான். சீட்டுப் பணம், பையன் மார்க், ஆபீஸ் எடிட்டர் என்று எதையும் விட்டு வைக்காமல் ஆட்டிக்கொண்டே இருப்பவனுக்கு, கையை எடுப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

ஐந்தாவது ஞாயிறு, தனியாக என் கையில். பையன் பக்கத்தில். குருநாதர் பின்னால். சுற்றிச் சுற்றி அழகாக ஓட்டினேன். தலை கனத்துவிட்டது. கொஞ்சம் தூரமாக விட்டேன். காற்று இன்னும் கொஞ்சம் தள்ளியது. விமானம் புள்ளியானது. வருகிறதா, போகிறதா தெரியவில்லை. எப்படியோ திருப்பினேன். திரும்பியும் விட்டது. ஆனால் தாழ்வாக, வேகமாக, ஏரிக்கரைப் பக்கமாக.

கரையிலிருந்து ஆடுகளோடு ஒரு பாட்டி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"விட்டுடு தம்பி! த்ராட்டிலை மூடு! கீழே போட்டுடு!"

அதே வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை அர்த்தம் வேறு. விமானத்தைக் காப்பாற்றாதே என்கிறார். எனக்குக் காது கேட்டது, கை கேட்கவில்லை. மேலே தூக்கிவிடலாம், கொஞ்சம் திருப்பினால் தப்பிக்கும், 16,000 ரூபாய்...

ஒரு விநாடி. அவ்வளவுதான். பிறகு த்ராட்டிலை அடியோடு இழுத்துவிட்டு, மூக்கைக் கீழே அமுக்கினேன்.

'படார்!' ஆடுகள் திசைக்கொன்றாக ஓடின. நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். பாட்டிக்கு முன்னால், சரியாகப் பதினைந்து தப்படியில், விமானம் குப்புறக் கிடந்தது. எனக்குக் கால் இரண்டும் வெடவெடத்தது.

பாட்டி குனிந்து, உடைந்து கிடந்த புரொப்பெல்லரை எடுத்துப் பார்த்தாள்.

"ஏம்பா, உள்ளார ஆளு கீளு யார்னா இருந்தாங்களா?"

"இல்ல பாட்டி... சும்மா விளையாட்டு..."

"அப்ப சரி. ஆளு போச்சுன்னாதான் தப்பு. சாமான் போனா வாங்கிக்கலாம்."

ஆடுகளைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் கணக்குப் போட்டேன். பி.காம். வேறு எதற்கு? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். நான் யோசித்த அந்த ஒரு விநாடியின் நீளம் 14 மீட்டர். பாட்டிக்கும் விமானத்துக்கும் நடுவே கடைசியில் மிச்சம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னொரு விநாடி யோசித்திருந்தால்... காலண்டரில் தேதி கிழிக்கிற மாதிரி அந்த நினைப்பைக் கிழித்துப் போட முடியவில்லை.

மறுநாள் குருநாதர் வீட்டில் பிரேதப் பரிசோதனை நடந்தது. புரொப்பெல்லர், மோட்டார் ஷாஃப்ட், மூக்கை ஒட்ட பசை, டேப். மொத்த நஷ்டம் 850 ரூபாய்! 16,000 என்று கை நடுங்கினேனே, போனது 850. அதற்காகவா அந்த ஒரு விநாடி?

"விழுந்தா என்ன ஆகும்னு முதல்லயே கணக்குப் போட்டு வச்சுக்கணும் தம்பி. மேலே இருக்கும்போது போடக் கூடாது" என்றார் குருநாதர், மூக்கை ஒட்டிக்கொண்டே.

ஆகவே, புதிதாக ஆரம்பிக்கப் போகும் நண்பர்களே... ஏற்றுவதையும் இறக்குவதையும் எல்லாரும் சொல்லித் தருவார்கள். ஸிமுலேட்டரில் இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே த்ராட்டிலை மூடி, வேண்டுமென்றே தரையில் போட்டுப் பாருங்கள். கை அதற்குப் பழக வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் யோசிக்க நேரம் இருக்காது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பையனுக்கு வேலை, விமானத்தைப் பார்ப்பதல்ல. கரையைப் பார்ப்பது. "அப்பா, பாட்டி!" என்றதும் எங்கே இருந்தாலும் தரைக்கு இறக்கிவிடுவேன்.

"எனக்கோசரமா நிறுத்திட்ட? நீ பாட்டுக்கு வுடுப்பா" என்பாள் பாட்டி, நின்று வேடிக்கை பார்க்கத் தயாராக.

கடைசி ஆடு கரையேறும்வரை ரிமோட்டை அமர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆடு நிதானமாகத்தான் போகும். போகட்டும். பாட்டரி மிச்சமாகிறது!