வந்து போகும் காய்ச்சல்

கடந்த மாதம் என் வலதுகாற் பெருவிரல் வீங்கிச் சிவந்தது. போர்வையின் நுனி பட்டாலும் உயிர் போகும் வலி. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம் என்று கூறிய வைத்தியர், கொல்சிசின் என்ற குளிசையை எழுதித் தந்தார். கையிற் கிடைத்ததையெல்லாம் வாசிப்பது பத்திரிகைக்காரனின் பழக்கம். குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளையும் வாசித்தேன். அம்மருந்து பயன்படும் இன்னொரு நோயின் பெயரும் அதில் இருந்தது: குடும்பவழி மத்தியதரைக் காய்ச்சல்.

அதைப் பற்றித் தேடிப் படித்தேன். பெரும்பாலும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்ற பிள்ளைக்கு வரும் நோய் இது. ஆர்மேனியர், துருக்கியர், அரபியர், யூதர் ஆகியோரிடையே அதிகம். திடீரெனக் கடுங்காய்ச்சல், வயிற்றிலோ நெஞ்சிலோ மூட்டிலோ தாங்கவொண்ணா வலி. கிருமி எதுவும் இல்லை. உடலின் காவற்படை, பகைவன் வராமலே போர் தொடுத்துவிடுகிறது. ஒன்று முதல் மூன்று நாட்களில் எல்லாம் தானாகவே அடங்கும். அடுத்த தாக்குதல் வரும்வரை நோயாளி முழு நலத்துடன் நடமாடுவார். குடல்வால் அழற்சி என்றெண்ணி வீணாக வயிற்றைக் கீறப்பட்டவர்களும் உண்டு.

நியூயோர்க் வைத்தியர் ஷெப்பர்ட் சீகல் 1945 இல் இந்நோயை விவரித்து எழுதியபோது, 'தீங்கற்ற' என்ற அடைமொழியை அதன் பெயரோடு சேர்த்தார். ஆனால் அது தீங்கற்றதன்று. அழற்சியின்போது பெருகும் ஒரு புரதம் ஆண்டுக்கணக்கிற் சிறுநீரகங்களிற் படிந்து, பலருக்கு அவற்றைச் செயலிழக்கச் செய்தது. நாள்தோறும் கொல்சிசின் உட்கொண்டால் தாக்குதல்களைத் தடுக்கலாம் என்பதை, 1972 இல் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர் என்ற அமெரிக்க வைத்தியர் மருத்துவ சஞ்சிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். நம் வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கில் உள்ள நஞ்சும் இதே கொல்சிசின்தான். அளவு மீறினால் ஆளைக் கொல்லும் பொருள், அளவோடு உண்டால் சிறுநீரகத்தைக் காக்கிறது.

பழுதுற்ற மரபணு 1997 இற் கண்டறியப்பட்டது. இன்று இரத்தத்தைச் சோதித்து அதைத் தேடலாம். ஆயினும் முதல் துப்பு நோயாளி சொல்லும் கதைதான். எத்தனை நாள் நீடித்தது? எத்தனை முறை வந்தது? வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? எல்லாம் எங்கள் தொழிலின் கேள்விகள்.

இதை வாசித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஆசிரிய பீடத்தில் ஒப்புநோக்காளராக இருந்த இளைஞர் ஒருவர் நினைவுக்கு வந்தார். மாதத்தில் இரண்டு நாள் வரமாட்டார். மூன்றாம் நாள் தலைவாரி, சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார். "சேர், காய்ச்சல்" என்பார். "உமக்கு மட்டும் மாதாமாதம் காய்ச்சலோ, தம்பி?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். சிரிப்பொலி எழுந்தது. அவரும் சிரித்தார். சில மாதங்களின் பின் வேலையை விட்டுச் சென்றார்.

அவருக்கு இந்த நோய்தான் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இது நம்மவரிடையே அரிது. அது வேறேதேனும் நோயாகவும் இருந்திருக்கலாம். வெறும் சோம்பலாகவும் இருந்திருக்கலாம். அறிந்துகொள்ளும் வாய்ப்பை நானே அடைத்துவிட்டேன். முன்பின் அறியாத மனிதர்களிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். பக்கத்து மேசைக்காரர் வராத நாட்களைப் பதிவேட்டிற் சரியாக எண்ணி வைத்திருந்தேன். எங்கே வலிக்கிறது என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை.